சமூகம் முன்பே இருந்ததா, பெண்கள் கட்டியதா? கறுப்பினப் பெண்களின் புலம்பெயர் வாழ்வு குறித்து ஒரு விவாத இழை

வாசகர் ஒருவரின் கூற்று, 3 அக்டோபர் 2024

"கறுப்பினப் பெண்களின் பார்வை என்று இப்போது எங்கும் பேசப்படுவது, 1970களுக்குப் பின் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உருவாகிப் பிற நாடுகளுக்கு ஏற்றுமதியான ஒன்று. கரீபியத் தீவுகளிலும் பிரிட்டனிலும் பிரேசிலிலும் வாழும் பெண்களுக்குள் தோலின் நிறத்தைத் தவிரப் பொதுவாக என்ன இருக்கிறது? அவர்களை ஒரே சமூகம் என்று சொல்வது பொருந்துமா?"

3 அக்டோபர் 2024, இரவு

கூற்றின் முதற்பாதி காலக்கணக்கிலேயே நிற்காது. உழைப்பாளியாகவும் பெண்ணாகவும் கறுப்பினத்தவராகவும் ஒருத்தி ஒரே நேரத்தில் மும்மடங்கு ஒடுக்கப்படுகிறாள் என்பதைக் கிளாடியா ஜோன்ஸ் 1949-இலேயே கட்டுரையாக எழுதிவிட்டார். எழுதிய இடம் நியூயார்க்தான். ஆனால் அது வெளிவந்தது கம்யூனிஸ்ட் கட்சியின் இதழில். எழுதியவர் 1915-இல் டிரினிடாடில் பிறந்து, 1924-இல் நியூயார்க்கின் கறுப்பினத்தவர் வட்டாரமான ஹார்லெமுக்குக் கொண்டுவரப்பட்டவர். ஆடைத் தொழிலில் உழைத்த அவருடைய தாய் இளவயதிலேயே இறந்துபோனார். காசநோயால் கெட்ட உடலோடு, கல்லூரி வாசலை மிதிக்காமல், கட்சி வேலையிலும் பத்திரிகை வேலையிலும் கற்றவர் அவர். வெள்ளையர் வீடுகளில் பணிப்பெண்ணாகப் போவதைத் தவிர வேறு வேலை கறுப்பினப் பெண்ணுக்குத் திறந்துவிடப்படவில்லை என்பதையும், முற்போக்கு பேசும் வெள்ளைப் பெண்களே அந்தப் பணிப்பெண்ணை எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் அவர் தம் தோழர்கள் முகத்துக்கு நேரே எழுதினார். கறுப்பினப் பெண்களின் தேவாலயக் குழுக்களும் உதவிச் சங்கங்களும்தான் போராட்டத்தின் அடித்தளம் என்றும் அதே கட்டுரையில் சொன்னார்.

இதற்குப் பரிசாகச் சிறையும் நாடு கடத்தலும் கிடைத்தன. 1955 டிசம்பரில் அமெரிக்கா அவரை வெளியேற்றியது. சொந்தத் தீவின் காலனி ஆட்சி அவரை ஏற்க மறுத்ததால் லண்டனுக்கு வந்தார். 1958-இல் தென் லண்டனின் பிரிக்ஸ்டன் சாலையில், இசைத்தட்டுக் கடை ஒன்றின் மேல்மாடியில், 'வெஸ்ட் இண்டியன் கெஸட்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். டிரினிடாட், ஹார்லெம், பிரிக்ஸ்டன் என்று ஒரே பெண்ணின் வாழ்வில் மூன்று கரைகள் வருகின்றன. இதில் எது அமெரிக்கச் சரக்கு, எது இறக்குமதி என்று பிரிப்பதற்கு எனக்கு வழி தெரியவில்லை.

கூற்றின் இரண்டாம் பாதி கடினமானது. அதை ஒரே இரவில் எழுத முடியாது. எனக்குத் தோன்றுவதை மட்டும் இப்போது சொல்லிவைக்கிறேன். புலம்பெயர்ந்த இடங்களில் கறுப்பினச் சமூகம் என்று ஒன்று ஆயத்தமாகக் காத்திருக்கவில்லை. பணத்தைச் சேர்த்து, பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைப் பள்ளி நடத்தி, துண்டறிக்கை அச்சிட்டு, கல்லறையைத் தேடிப் பராமரித்து, பெண்கள்தான் அதைக் கட்டினார்கள். அடையாளம் என்பது அந்த வேலையிலிருந்து பிறந்தது. தோல் நிறம் அந்த வேலையைச் செய்தே ஆக வேண்டிய கட்டாயத்தைத் தந்தது. அதற்கு மேல் எதையும் தரவில்லை.

4 அக்டோபர் 2024

பாரிஸைச் சேர்க்காமல் விட்டால் நேற்றைய குறிப்பு குறைபட்டது. மார்த்தினிக் தீவின் போலெத் நர்தால் சொர்போனில் படிக்க வந்தவர். சகோதரிகளோடு அவர் பாரிஸை ஒட்டிய கிளாமாரில் வாழ்ந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆப்பிரிக்கர், கரீபியர், அமெரிக்கக் கறுப்பினத்தவர் எல்லாரும் கூடினர். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாத அந்த அறையில் ஆங்கிலம் படித்த சகோதரிகளே பாலமாக இருந்தார்கள். 1931-இல் பிரெஞ்சும் ஆங்கிலமும் அருகருகே அச்சான இதழொன்றை அவர்கள் கொண்டுவந்தனர். ஆறு இதழ்களோடு அது நின்றது. பின்னாளில் நெக்ரிட்யூட் எனப்பட்ட அந்தக் கறுப்பினத் தன்மானச் சிந்தனைக்கெல்லாம் கவிஞர்கள் செஸேரும் செங்கோரும் தந்தையராகப் பெயர் பெற்றனர். தாங்கள் முன்பே சொன்னவற்றை அவர்கள் ஒளி கூட்டிச் சொன்னார்கள் என்ற வருத்தம் நர்தாலுக்குக் கடைசிவரை இருந்தது. இது ஒருவருடைய தனிப்பட்ட மனத்தாங்கல் என்று நான் கருதவில்லை. தேநீர் கொடுத்து, மொழிபெயர்த்து, அச்சகத்துக்கு நடந்து செய்த வேலை சிந்தனையாக எண்ணப்படாமல் போவது இந்த வரலாறு முழுவதும் நடக்கிறது.

6 அக்டோபர் 2024

"கட்டினார்கள் என்கிறீர்கள், எதைக் கொண்டு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தென் லண்டனில் மருத்துவமனை வார்டுகளில் வேலை பார்த்தவள் என்ற முறையில், என் கண் முன்னே இருந்ததிலிருந்து சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த ஜமைக்கச் செவிலியர் ஒருவர் இரவுப் பணியில் என்னோடு இருந்தார். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே பேசுவார். அவர் 1960களில் பயிற்சிக்கு வந்தவர். பிரிட்டனில் அப்போது செவிலியர் பயிற்சி இரண்டு வகை: மூன்றாண்டு படித்துப் பதிவு பெற்ற செவிலியராவது ஒன்று, இரண்டாண்டு படித்து எஸ்.இ.என். என்ற கீழ்த்தட்டில் சேர்வது மற்றொன்று. முதல் வகையில் வந்தவர்தான் வார்டுத் தலைவியாக முடியும். இரண்டாவது தகுதிக்குக் கரீபியத் தீவுகளில் மதிப்பே கிடையாது. அதை வைத்துக்கொண்டு ஊர் திரும்பினால் வேலை இல்லை. முதல் வகைக்குத் தகுதியிருந்தும், வேறுபாட்டைச் சொல்லாமலேயே, கரீபியப் பெண்கள் பலரை இரண்டாவதில் சேர்த்துவிட்டார்கள். என் தோழிக்கும் அதுதான் நடந்தது. ஐந்தாண்டில் ஊர் திரும்பும் எண்ணத்தோடு வந்தவருக்கு அந்தத் தாள் திரும்பும் வழியை அடைத்தது. "நான் இங்கே குடியேற முடிவு செய்யவே இல்லை" என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. புலம்பெயர்வு என்று நாம் பேசும்போது துணிந்து கடல் கடந்த கதையாகவே பேசுகிறோம். ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அது ஒரு பயிற்சிப் படிவத்தில் தீர்மானமானது.

தங்கிவிட்டவர்களுக்கு வீடு வேண்டும். வாடகைக்கு அறை மறுப்பதும் வீட்டுக்கடன் மறுப்பதும் 1968 வரை சட்டப்படி குற்றமல்ல. 1965-இன் இனவுறவுச் சட்டம் பொது இடங்களோடு நின்றுவிட்டது. அந்த இடைக்காலத்தில் ஜமைக்கக் குடும்பங்கள் வீடு வாங்கியது பார்ட்னர் பணத்தில்.

7 அக்டோபர் 2024

பார்ட்னர் என்பது நம் சீட்டுதானா என்று மூவர் கேட்டுவிட்டார்கள். ஏலம் இல்லாத குலுக்குச் சீட்டு என்று கொள்ளுங்கள். பத்துப் பேர் வாரம் ஐந்து பவுண்டு போட்டால், வாரம் ஒருவர் ஐம்பது பவுண்டு எடுப்பார். போடும் பங்குக்குக் 'கை' என்று பெயர். ஒருவர் இரண்டு கையும் வைக்கலாம். தள்ளுபடி கிடையாது, வட்டி கிடையாது. நடத்துபவரை 'பேங்கர்' என்பார்கள். எடுத்தவர்கள் தாமாக விரும்பி அவருக்குச் சிறு தொகை கொடுப்பதுண்டு. பேங்கர் பெரும்பாலும் பெண்தான்.

என் தோழி பேங்கராக இருந்தவர். கோடு போட்ட நீல அட்டை நோட்டு ஒன்றை எனக்குக் காட்டியிருக்கிறார். இடப்பக்கம் பெயர்களின் முதலெழுத்துகள், மேலே வாரங்கள், கட்டங்களில் சிறு சரிக்குறிகள். சில பெயர்களுக்கு எதிரே வரிசை மாற்றி எழுதப்பட்டிருந்தது. யாருக்குப் பிரசவம், யாருக்கு ஊரில் தகப்பன் சாவு, யார் வீட்டு முன்பணம் கட்ட வேண்டும் என்பதைப் பார்த்து எடுக்கும் வரிசையை அவர்தான் மாற்றுவார். அந்த மாற்றத்தை மற்ற எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள். எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் எதுவும் இல்லை. பணம் தராமல் போனவர் பெயர் அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதுவே போதுமான தண்டனை.

டிரினிடாடில் இதையே சூசூ என்கிறார்கள். இன்றைய நைஜீரியப் பகுதியின் யொரூபா மக்களிடம் இருந்த முறை அடிமைக் கப்பல்களில் வந்தவர்களோடு அட்லாண்டிக் கடலைக் கடந்தது. இன்று தென் லண்டனின் பெக்கத்தில் நைஜீரியப் பெண்கள் ஆப்பிரிக்காவிலிருந்து நேரே கொண்டுவந்து நடத்துவதும் அதே முறைதான். சோமாலியப் பெண்களிடமும் இது உண்டு. ஆனால் அது வேறு வேர். பொதுவாக என்ன இருக்கிறது என்று கேட்டவருக்கு, கண்ணால் பார்க்கக்கூடிய விடை இது. மூன்று நூற்றாண்டு அடிமைத்தனத்தால் அழிக்க முடியாமல் போன ஒரு கணக்கு முறை, இரண்டு வேறு பாதைகளில் பயணம் செய்து ஒரே நகரத்தில் மீண்டும் சந்திக்கிறது.

11 அக்டோபர் 2024

லண்டனில் ஆண்டுதோறும் தெருக்களில் நடக்கும் கரீபிய விழாவான நாட்டிங் ஹில் திருவிழாவைத் தொடங்கியவர் கிளாடியா ஜோன்ஸா, அந்த வட்டாரத்தின் சமூக ஊழியர் ரோன் லாஸ்லெட்டா என்ற பழைய சண்டை இங்கும் எழுந்துவிட்டது. சான்றுகள் இரண்டு பக்கமும் தெளிவாக உள்ளன. 1958 ஆகஸ்டு இறுதியில் நாட்டிங் ஹில்லில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பினத்தவரைத் தாக்கின. அதற்கு மறுமொழியாகக் கிளாடியா 1959 ஜனவரி 30 அன்று செயின்ட் பான்கிராஸ் நகர மண்டபத்தில் கரீபியத் திருவிழாவை நடத்தினார், பி.பி.சி. அதைத் தொலைக்காட்சியில் காட்டியது. குளிர்காலம் என்பதால் மண்டபத்துக்குள். கலவர வழக்குகளில் இளைஞர்களுக்கு விதிக்கப்பட்ட அபராதங்களைக் கட்டுவதற்கும் அதன் வருவாயில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அவர் 1964 டிசம்பரில் இறந்தார். லாஸ்லெட் 1966-இல் நாட்டிங் ஹில் தெருக்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்காக நடத்திய விழாவில் டிரினிடாட் உருக்கு மேளக் குழு தெருவில் இறங்கி நடந்தபோது, ஊரே பின்னால் போனது.

தெருவைத் தந்தவர் லாஸ்லெட். எதற்காகக் கூடுகிறோம் என்பதைத் தந்தவர் கிளாடியா. என் தீர்ப்பு இதுதான். ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. கிளாடியாவின் மண்டபத்தில் அழகுப்போட்டி இருந்தது. கம்யூனிஸ்டு ஒருவர் அழகுப்போட்டி நடத்தினாரா என்று இன்றைய வாசகர் முகம் சுளிக்கலாம். கறுப்பினப் பெண்ணின் முகம் ஒரு விளம்பரத்தில்கூட வராத நாட்டில், அவளை மேடையேற்றி அழகி என்று அறிவிப்பது என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் முன்னால், 1930களில் பெக்கத்தில் வாழ்ந்த ஜமைக்கக் கவிஞர் உனா மார்சன், சுருள்முடியைப் பற்றியும் திரைப்படங்களின் வெள்ளை அழகு கறுப்பினச் சிறுமியை என்ன செய்கிறது என்பது பற்றியும் கவிதை எழுதினார். பின்னர் பி.பி.சி.யில் கறுப்பினப் பெண்களில் முதல் நிகழ்ச்சித் தயாரிப்பாளரானார்.

12 அக்டோபர் 2024

முடி பற்றிப் பேசுவது மேலோட்டமானது என்று கருத்திட்டவருக்கு: ஞாயிறு மாலைகளில் என் தோழியின் வீட்டில் அவருடைய பேத்தி அவர் முழங்கால்களுக்கிடையே தரையில் அமர்ந்திருப்பாள். சீப்பின் வால் நுனியால் வகிடெடுத்து, ஒவ்வொரு பகுதியாக எண்ணெய் தடவி, பின்னி முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில்தான் பாட்டியின் ஊர், கொள்ளுப்பாட்டியின் பெயர், பள்ளியில் யாராவது முடியைத் தொட வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் பேசப்படும். வேறெந்த நேரத்திலும் அந்தக் குழந்தை அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் இருக்க மாட்டாள். பண்பாடு கைமாறும் இடம் எது என்று கேட்டால், நான் அந்தத் தரையைக் காட்டுவேன்.

13 அக்டோபர் 2024

ஒலிவ் மாரிஸ் பற்றி எழுதாமல் பிரிக்ஸ்டனை விட்டு நகர முடியாது. ஜமைக்காவில் 1952-இல் பிறந்து ஒன்பது வயதில் லண்டன் வந்தவர். 1969-இல் பிரிக்ஸ்டனில் நைஜீரியத் தூதரக அதிகாரி ஒருவரைக் காவலர்கள் தாக்குவதைக் கண்டு தலையிட்டார். பதினேழு வயதுப் பெண் காவலில் அடிபட்டார். 1973-இல் ரயில்டன் சாலை 121-ஆம் எண் கட்டடத்தில் குடிபுகுந்து, வெளியேற்ற வந்தவர்களைக் கூரை மேல் ஏறி நின்று எதிர்த்தார். அதே ஆண்டில் பிரிக்ஸ்டன் கறுப்பினப் பெண்கள் குழு உருவானது. கறுப்பின இயக்கத்துக்குள் ஆண்கள் பேச, பெண்கள் தட்டச்சு செய்த நிலையும், பெண்கள் இயக்கத்துக்குள் வெள்ளைப் பெண்களின் அனுபவமே பெண்ணனுபவமாகக் கொள்ளப்பட்ட நிலையும் சேர்ந்துதான் இப்படி ஒரு தனிக்குழுவைத் தேவையாக்கின.

1978-இல் ஓவாட் என்ற நாடளாவிய அமைப்பு பிறந்தது. முதலில் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களுக்காக எண்ணப்பட்டது. விரைவிலேயே ஆசியப் பெண்களையும் சேர்த்துப் பெயரை மாற்றிக்கொண்டது. 1979 மார்ச்சில் பிரிக்ஸ்டனில் முதல் மாநாடு நடந்தபோது ஏறத்தாழ 300 பெண்கள் வந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினைகளைப் பாருங்கள். சந்தேகத்தின் பேரில் கறுப்பின இளைஞர்களைப் பிடிக்க 1824-ஆம் ஆண்டின் நாடோடிச் சட்டத்தைப் பயன்படுத்துவது. கரீபியப் பிள்ளைகளை மந்தபுத்திக்காரர் என்று முத்திரை குத்தித் தனிப்பள்ளிகளுக்கு அனுப்புவது. கறுப்பின, ஆசியப் பெண்களுக்குப் போதிய விளக்கமின்றி டெப்போ புரோவெரா கருத்தடை ஊசி போடுவது. 1979-இன் தொடக்கத்தில், திருமணத்துக்காக வந்த இந்திய ஆசிரியை ஒருவருக்கு ஹீத்ரோ விமான நிலையத்தில் கன்னித்தன்மைச் சோதனை நடத்தப்பட்ட செய்தி வெளியானது. அப்போது அவாஸ் என்ற ஆசியப் பெண்கள் அமைப்போடு சேர்ந்து ஓவாட் விமான நிலையத்திலேயே போராடியது. ஓர் இந்தியப் பெண்ணின் உடலுக்கு நேர்ந்த இழிவுக்காகக் கரீபியப் பெண்கள் அங்கே தரையில் உட்கார்ந்தார்கள். நம்மில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறோம்?

ஒலிவ் அந்த ஆண்டு ஜூலையில் புற்றுநோயால் இறந்தார். வயது 27.

14 அக்டோபர் 2024

நேற்று எழுதியதை மட்டும் படித்தால் ஒற்றுமைப் பாட்டாகத் தெரியும். ஓவாட் நீண்ட நாள் நிலைக்கவில்லை, 1983-க்குள் கலைந்துவிட்டது. ஆப்பிரிக்கப் பெண்களின் கவலைகளும் ஆசியப் பெண்களின் கவலைகளும் ஒரே நிகழ்ச்சி நிரலில் அடங்க மறுத்தன. தன்பால் ஈர்ப்புள்ள பெண்கள் 1981 மாநாட்டில் தங்களுக்கெனப் பேச இடம் கேட்டபோது, அறையில் இருந்தவர்களில் பலர் பகையோடு நடந்துகொண்டார்கள். வெளியே கேட்ட நியாயத்தை உள்ளே கொடுக்கத் தயங்கியது அந்த அமைப்பைப் பலவீனப்படுத்தியது. அதைச் செய்தவர்களே பின்னர் அதைப் பதிவும் செய்திருக்கிறார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

ஆசியருடனான உறவு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம். பிரிட்டனில் கறுப்பினப் பெண்களின் முடிக்கான பொருள்களை விற்கும் கடைகளில் பெரும்பாலானவை தெற்காசியருடையவை. 2023 செப்டெம்பரில் பெக்கத்தில் அப்படி ஒரு கடையில், பணத்தைத் திருப்பிக் கேட்டதில் எழுந்த தகராறில், கடைக்காரர் ஒரு கறுப்பினப் பெண்ணின் கழுத்தில் கைவைத்த காணொளி பரவியது. கடை வாசலில் கூட்டம் திரண்டது. எங்கள் பணத்தில் வாழ்ந்துகொண்டு எங்களையே திருடர்களாகப் பார்க்கிறீர்கள் என்பதுதான் அங்கே கூடிய பெண்களின் குரல். அந்தக் குரலில் ஒரே நாள் கோபம் மட்டும் இல்லை. அத்தகைய கடைகளில் காவலாள் யார் பின்னால் நடக்கிறார், என் பின்னால் ஏன் நடப்பதில்லை என்பதை நான் பல முறை கவனித்திருக்கிறேன்.

19 அக்டோபர் 2024

ஜெர்மனியில் வாழும் வாசகர் ஒருவர் நல்ல தடை எழுப்பியிருக்கிறார். பார்ட்னரும் இல்லை, கரீபியத் தேவாலயமும் இல்லை, பிரிக்ஸ்டன் போன்ற ஒரு வட்டாரமும் இல்லை. அங்கே உங்கள் வாதம் எப்படி நிற்கும் என்கிறார்.

சில நாள் யோசித்தேன். 1980களின் மேற்கு ஜெர்மனியில் கறுப்பினப் பெண்களில் பலர் வெள்ளைக் குடும்பங்களிலோ விடுதிகளிலோ வளர்ந்தவர்கள். ஊரில், பள்ளியில், சில நேரம் வீட்டிலேயே, தன்னைப் போன்ற மற்றொரு முகத்தைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள். 1984-இல் அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க வந்தார். அவருடைய பெற்றோரும் கரீபியத்திலிருந்து நியூயார்க் வந்தவர்கள் என்பது நினைவில் இருக்கட்டும். தம் வகுப்பில் இருந்த கறுப்பின ஜெர்மானியப் பெண்களிடம், நீங்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடியுங்கள், எழுதுங்கள் என்று அவர் வற்புறுத்தினார். மே அயிம், கத்தரினா ஒகுன்டோயே முதலானோர் 1986-இல் கொண்டுவந்த தொகுப்பு அதன் விளைவு. அதற்காக அவர்கள் நாடெங்கும் தேடியதில், நாஜி ஆட்சியையும் கடந்து உயிரோடிருந்த, கேமரூன் தந்தைக்குப் பிறந்த இரு சகோதரிகளும் கிடைத்தார்கள். தங்களுக்கு முன்னால் யாருமே இல்லை என்று எண்ணி வளர்ந்த இளம்பெண்களுக்கு, பாட்டி வயதில் இரு ஜெர்மானியக் கறுப்பினப் பெண்கள். அதே ஆண்டில் அடெஃப்ரா என்ற கறுப்பினப் பெண்கள் அமைப்பும் உருவானது.

ஆகவே என் முதற்குறிப்பை இப்போது விரித்துச் சொல்கிறேன். லண்டனில் பணத்தையும் குழந்தைகளையும் சுற்றிச் சமூகம் கட்டப்பட்டது. பெர்லினில் பேச்சே கட்டுமான வேலை. ஒருவர் கதையை மற்றவர் கேட்டு எழுதி வைத்ததே முதற்செங்கல். அங்கே அடையாளமும் சமூகமும் ஒரே அறையில் ஒரே நாளில் பிறந்தன. இரண்டு நகரங்களிலும் அது தானாக விளையவில்லை என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

மே அயிம் 1996-இல் இறந்தார். பெர்லினின் குரோய்ட்ஸ்பர்க்கில் ஆற்றங்கரைத் தெரு ஒன்று, மேற்கு ஆப்பிரிக்காவில் பிராண்டன்பர்க் அரசின் அடிமை வணிகக் கோட்டையை நிறுவிய குரோபென் பெயரைத் தாங்கியிருந்தது. 2010-இல் அது மே அயிம் பெயருக்கு மாற்றப்பட்டது.

20 அக்டோபர் 2024

தெருப்பெயர் மாறியதால் யாருக்குச் சோறு கிடைத்தது என்று கேட்பவருக்கு: மேரி சீக்கோல் என்ற 19-ஆம் நூற்றாண்டு ஜமைக்கச் செவிலியரின் கல்லறை லண்டனில் கவனிப்பாரின்றிச் சிதைந்து கிடந்தது. 1973-இல் அதைச் சீரமைத்தவர்களில் லண்டன்வாழ் ஜமைக்கப் பெண்களின் சங்கமும் செவிலியர் அமைப்பும் உண்டு. செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில் சிலை வந்தது 2016-இல். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில், எஸ்.இ.என். என்று கீழே வைக்கப்பட்ட பெண்கள், தங்கள் தொழிலில் தங்களுக்கு முன்னோடி உண்டு என்ற தெம்பில் வார்டுகளில் நின்றார்கள். சோறு வேறு, இது வேறு, இரண்டுமே வேண்டும்.

26 அக்டோபர் 2024

பிரேசிலை முதற்கேள்வியே குறிப்பிட்டது. இதுவரை நான் தொடவில்லை. சால்வடோர் நகரத் தெருமுனைகளில் வெள்ளைப் பாவாடையும் தலைக்கட்டும் மணிமாலைகளுமாக அமர்ந்து அக்கராஜே பொரிக்கும் பெண்களைப் பைய்யானாக்கள் என்கிறார்கள். தட்டாம்பயற்றை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, வெங்காயமும் உப்பும் சேர்த்து, மரக்கரண்டியால் நுரைக்க அடித்து, டெண்டே எனும் செம்பனை எண்ணெயில் போடுவார்கள். வெந்ததைப் பிளந்து காய்ந்த இறாலும் வத்தப்பா என்ற மசியலும் வைத்துத் தருவார்கள். யொரூபா நாட்டிலிருந்து வந்த பண்டம்; பெக்கத்தில் நைஜீரியப் பெண்கள் அக்காரா என்று விற்பதும் இதுவே. அடிமைக் காலத்தில் தெருவில் விற்ற பெண்கள் எசமானுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதைச் சேர்த்து விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். கஷோயிரா ஊரில் இன்றும் ஆகஸ்டு நடுவில் ஊர்வலம் நடத்தும் போவா மோர்ச்சே சகோதரிகள் சங்கம், அப்படிப் பணம் சேர்த்து மற்றவர்களையும் மீட்ட கறுப்பினப் பெண்களின் வழிவந்தது. பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1888-இல்தான்.

அக்கராஜே, யொரூபா வழிவந்த இயன்சா தெய்வத்துக்குரிய படையல். அண்மைக் காலத்தில் சுவிசேஷ சபைகளில் சேர்ந்த விற்பனையாளர்கள், தெய்வத் தொடர்பை அறுத்து, இயேசுவின் பணியாரம் என்று விற்கத் தொடங்கியபோது பைய்யானாக்களின் சங்கம் எதிர்த்தது. 2005-இல் அவர்களுடைய தொழில் நாட்டின் பண்பாட்டு மரபாகப் பதிவு பெற்றிருந்தது அந்த எதிர்ப்புக்கு வலுவூட்டியது. சபைக்குப் போன அந்தப் பெண்ணும் ஏழைக் கறுப்பினப் பெண்தான், அவளுக்கும் அடுப்பு எரிய வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் தெய்வத்தின் பெயரைக் காத்ததற்காகத் தலைமுறை தலைமுறையாக அடிபட்டவர்களின் பக்கமே என் மனம் நிற்கிறது. கால்பந்து உலகக் கோப்பைக்காகக் கட்டிய சால்வடோர் விளையாட்டரங்கைச் சுற்றி விற்கக்கூடாது என்ற தடை எழுந்தபோது, அதே சங்கம் மனுக்கொடுத்துப் போராடி, 2013-இல் அரங்க வளாகத்துக்குள்ளேயே இடம் பெற்றது.

சிந்தனை என்று பார்த்தாலும் பிரேசில் எவருக்கும் பின்னால் இல்லை. லேலியா கொன்சாலெஸ், பணிப்பெண்களின் பேச்சிலும் தாதிகளின் தாலாட்டிலும் ஆப்பிரிக்கா உயிரோடிருப்பதை எடுத்துக்காட்டி, அமெரிக்கக் கண்டம் முழுவதையும் அமெஃப்ரிக்கா என்று 1988-இல் பார்க்கச் சொன்னார். வீட்டுப் பணிப்பெண்ணான லாவுதெலினா தெ கம்புஸ் மெலு தம் போன்றவர்களுக்குச் சங்கம் அமைத்தது 1936-இல், சாந்தோஸ் துறைமுக நகரில். வேலை நேர வரம்பும் கூடுதல் நேர ஊதியமும் அவர்களுக்கு அரசமைப்புச் சட்டத்தில் கிடைத்தது 2013-இல். கீழவையில் அந்தத் திருத்தத்துக்கு அறிக்கையளித்த பெனெதித்தா த சில்வாவும் ஒருகாலத்தில் வீட்டு வேலை செய்தவர். கிளாடியா ஜோன்ஸ் 1949-இல் எழுதிய பணிப்பெண், வேறொரு மொழியில், வேறொரு நாட்டில், தன் சட்டத்தைத் தானே எழுத, 1936-இல் சங்கம் அமைத்ததிலிருந்து 77 ஆண்டுகள் ஆயின.

2 நவம்பர் 2024

கடைசியாக வந்த இரண்டு கேள்விகளுக்கு மட்டும்.

முதலாவது, இதெல்லாம் பழங்கதையா என்பது. பிரிட்டனில் பல பத்தாண்டுகளாகச் சட்டப்படி வாழ்ந்த கரீபியரைச் சட்டவிரோதக் குடியேறிகளாக நடத்தியது 2018-இல் வெளிப்பட்டது; அந்த விண்ட்ரஷ் அநீதியை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையாக ஜமைக்காவிலிருந்து வந்து, நாடாளுமன்ற உணவகத்தில் சமையல் வேலையும் பார்த்த போலெட் வில்சன், 2017-இல் குடியேற்றத் தடுப்பு மையத்தில் அடைக்கப்பட்டார். வெளியே வந்தபின் பத்திரிகையில் பேசிய முதல் சிலரில் அவரும் ஒருவர். 2020-இல் இறந்தார். பிரசவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேறுகாலத்தில் இறக்கும் கறுப்பினப் பெண்களின் விகிதம் வெள்ளைப் பெண்களைவிட ஐந்து மடங்கு என்று தேசிய ஆய்வறிக்கை சொன்ன 2019-இல், கறுப்பினத் தாய்மார் இருவர் அந்த எண்ணையே பெயராக வைத்து இயக்கம் தொடங்கினார்கள். அண்மைய அறிக்கைகளில் இடைவெளி குறைந்திருக்கிறது. இன்னும் இரு மடங்குக்கு மேல்தான் நிற்கிறது. வலி என்று சொன்னால் நம்பப்படாமை பற்றி அந்தத் தாய்மார் கூறுவதை, வார்டில் நின்றவள் என்ற முறையில் நான் ஐயமின்றி நம்புகிறேன்.

இரண்டாவது, ஒரு நைஜீரியத் தோழியின் மனக்குறையைத் தெரிவித்தவரின் கேள்வி: பிரிட்டனின் கறுப்பின வரலாறு என்றாலே ஏன் கரீபியம்? குறை நியாயமானது, என் குறிப்புகளும் கரீபியப் பக்கமே சாய்ந்துள்ளன. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆப்பிரிக்கர் என்று பதிந்தவர்கள் ஏறத்தாழ 15 லட்சம், கரீபியர் சுமார் 6 லட்சம். ஆவணக் காப்பகங்கள் அந்த மாற்றத்துக்கு இன்னும் ஈடுகொடுக்கவில்லை. பிரிக்ஸ்டனில் உள்ள கறுப்பினப் பண்பாட்டு ஆவணக் காப்பகத்தில் ஓவாடின் கடிதங்களும் துண்டறிக்கைகளும் இருக்கின்றன. ஸ்டெல்லா டாட்சி என்ற உறுப்பினர் அவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் இருக்கின்றன. பெக்கத்துச் சூசூ நோட்டுகளும், கானா தேவாலய மகளிர் குழுக்களின் வரவுசெலவுப் புத்தகங்களும், சோமாலியத் தாய்மார் நடத்தும் வீட்டுப்பாட வகுப்புகளின் வருகைப் பதிவேடுகளும் இன்னும் வீடுகளில்தான் கிடக்கின்றன. அந்தத் தோழியிடம் ஒன்று சொல்லுங்கள்: அவருடைய தாயிடம் நோட்டு இருந்தால், அனுமதி கேட்டு, முதலில் பெயர்களை மறைத்துவிட்டு, ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வைக்கட்டும். வரிசை மாற்றிய இடங்களில் ஏன் மாற்றினார் என்பதையும் தாய் நினைவிருக்கும்போதே கேட்டு எழுதட்டும்.